பங்குனிக் கடலுக்குத் தூண்டில் வாங்குவோர் கேட்டவை

வடகிழக்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் பாக் விரிகுடா மாசி, பங்குனி மாதங்களில் அடங்கிவிடுவதால், நம் அணைக்கரைகளில் தூண்டில் போடுகிற பலர் இப்போது இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டிக்கும் மண்டபத்துக்கும் புறப்படுகிறார்கள். இவ்வார கேள்விகள் எல்லாம் அவர்களிடமிருந்து வந்தவை.

கிருஷ்ணகிரி அணையில் ஜிலேபி மீன் பிடிக்கும் ரீலையே (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) கடலுக்கும் கொண்டுபோகலாமா? கடைக்காரர் 13 பேரிங் உள்ள புது ரீல்தான் வேண்டும் என்கிறார்.
– காவேரிப்பட்டணம்

தாராளமாகக் கொண்டுபோகலாம். ஒவ்வொரு மாலையும் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிமானத்தை) இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்துக் கழுவுங்கள். தண்ணீரில் முக்கி வைக்காதீர்கள். காய்ந்த பிறகு டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

பேரிங் எண்ணிக்கையைக் காட்டி ரீல் விற்பதை நான் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன். பேரிங் கூடக்கூட, அவை மூடப்படாத சாதாரண எஃகாக இருந்தால், உப்பு புகுந்து துருப்பிடிக்கும் இடங்கள்தாம் கூடுகின்றன. 'கடல்நீருக்கு ஏற்றது' என்று பெட்டியில் அச்சிட்டிருந்த ரீல் ஒன்றை 2,800 ரூபாய் கொடுத்து நானும் வாங்கினேன். மண்டபத்தில் இரண்டே நாள் பயன்படுத்தி, இரண்டு நாளும் கழுவித் துடைத்தும், மூன்றாம் வாரத்தில் கைப்பிடி சுற்றவில்லை. பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த பேரிங்குகளில் பாதி துருவாகியிருந்தன; துருவுக்கு வாரண்டி இல்லை என்று கடையில் கைவிரித்தார்கள். பேரிங் மூடப்பட்டதா, பல்சக்கரம் எந்த உலோகம், டிராக் எத்தனை கிலோ தாங்கும், உதிரிபாகம் கிடைக்குமா என்ற நான்கையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

மீனை ஈர்க்கும் எண்ணெய் 1,200 ரூபாய். வாங்கலாமா?
– தருமபுரி

வேண்டாம், அந்தப் பணத்தில் கரையிலேயே உயிர் இறால் வாங்குங்கள்.

எந்த நாளில், எந்த நேரத்தில் போவது என்று அறிய ஓத அட்டவணைச் செயலிக்கு (கடல்நீர் ஏறி இறங்கும் நேரம் காட்டுவது) பணம் கட்டுவது பயனுள்ளதா?
– பாலக்கோடு

எந்த நாள் என்று அறிய உங்கள் வீட்டு நாள்காட்டியே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் வலுவாக ஏறி இறங்கும். அட்டமியை ஒட்டி மந்தமாக இருக்கும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இருமுறை வரும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். பாக் விரிகுடாவில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும், கரையோரம் மிகவும் ஆழமற்றதாகையால் சிறிது வற்றினாலும் நீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். ஆகவே நீர் ஏறத் தொடங்கியதும் போய் நில்லுங்கள்: மடவை மீன்கள் கடற்புல் திட்டுகளின் மேல் ஏறிவரும், அவற்றைத் தின்ன வரும் கொடுவா மீன் வாய்க்கால்களின் விளிம்பில் காத்திருக்கும். வற்றும்போது அதே வாய்க்கால் வாயில், ஓட்டம் இரையை இழுத்துச் செல்லும்படி இலேசான ஈயக்குண்டு கட்டிப் போடுங்கள். நீரோட்டம் நின்றிருக்கும் இடைவேளையில் மீன் பெரும்பாலும் கடிப்பதில்லை.

நேரத்தை அறியப் பணம் கட்டுவதானால், அந்த அட்டவணை எந்தத் துறைமுகத்துக்கு உரியது என்று முதலில் பாருங்கள். சென்னைக்குக் கணித்த அட்டவணையை வாங்கிக்கொண்டு மண்டபம் போன நான், ஒரு காலை முழுவதும் வற்றிய சேற்றின் முன் நின்றிருக்கிறேன்.

15 கிலோ தாங்கும் என்று விற்ற தங்கூசி நரம்பு ஐந்து கிலோ மீனுக்கே அறுந்தது. பில் வாங்கவில்லை. அட்டையையும் எறிந்துவிட்டேன்.
– அரூர்

பில்லும் இல்லை, அட்டையும் இல்லை என்றால் எதை வைத்து நான் உங்களுக்காகப் பேசுவது? முடிச்சுப் போட்ட இடத்தில் நரம்பின் வலு குறையும் என்பதும், நைலான் நனைந்தால் சற்றுத் தளரும் என்பதும் உண்மையே. ஆனால் அவை மட்டுமா காரணம் என்று காட்ட இப்போது வழியில்லை. கேட்டும் பில் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நீங்கள் கேட்கவே இல்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் 20 அன்று விசைப்படகில் கடல் தூண்டில் என்று விளம்பரம் செய்து, நால்வரிடம் 16,000 ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். போன பிறகு தடைக்காலம் என்றார்கள். பணம் திருப்பித் தர மறுக்கிறார்கள்.
– ஓசூர்

உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை ஆண்டுதோறும் இருக்கிறது. கடல் தொழிலில் இருப்பவருக்கு அது தெரியாமல் இருக்க முடியாது. தர இயலாத சேவைக்கு நாள் குறித்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். விளம்பரம், பணம் அனுப்பிய சான்று, உரையாடல்கள் எல்லாவற்றையும் இன்றே படமெடுத்து வையுங்கள். பதினைந்து நாள் கெடு கொடுத்துப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதற்கும் பணியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அதற்காக இராமநாதபுரம் வரை அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும் என்றாலும் இந்த மாதமே கொடுங்கள். கடித நகலை எனக்கு அனுப்பினால் வாசகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தருகிறேன்.