வாசகர் கேள்வி - பதில்: கலைவாணர் எந்தக் கட்சி?

கே: என்.எஸ்.கிருஷ்ணன் காங்கிரஸா, தி.மு.க.வா? எங்கள் வீட்டில் இதற்கு இரண்டு கட்சி! (வாசகி, வடசேரி)

ப: இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 1908 நவம்பர் 29-ல் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் மேடையேறியது கதர் வேகம் பிடித்திருந்த காலம். டி.கே.எஸ். சகோதரர்களின் 'தேசபக்தி' நாடகத்தில் காந்தி கதையை வில்லுப்பாட்டாகப் பாடினார். நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் காந்தி நினைவுத்தூண் எழுப்பியதும் அவர்தான். மறுபக்கம், 1949-ல் வந்த 'நல்லதம்பி' அண்ணா எழுதிய படம். அவரே இயக்கிய 'மணமகள்' (1951), 'பணம்' (1952) இரண்டுக்கும் வசனம் கருணாநிதி. 1957 தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பேசப் போனவர், எதிர்த்து நின்ற டாக்டரைப் புகழ்ந்து தள்ளினாராம். இத்தனை நல்ல வைத்தியர் ஊரிலேயே இருக்கட்டும், அண்ணாவைச் சட்டசபைக்கு அனுப்புங்கள் என்று முடித்தாராம். அந்த ஆண்டே ஆகஸ்ட் 30-ல் கலைவாணர் காலமானார். மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு இரண்டையும் காந்தி மேடையிலும் பேசினார், திராவிட மேடையிலும் பேசினார். கொடி பார்த்துச் சரக்கை மாற்றியவர் அல்லர்.

கே: அரசியலுக்காகவா சிறை சென்றார்? (கல்லூரி மாணவர், தக்கலை)

ப: இல்லை. 1944 நவம்பரில் நடந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை தொடர்பான வழக்கில் நடிகர் எம்.கே.தியாகராஜ பாகவதரோடு சேர்ந்து ஆயுள் தண்டனை பெற்றார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு மறுவிசாரணைக்குத் திரும்பியது. 1947 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது.

கே: பள்ளி ஆண்டு விழாவில் அவருடைய 'கிந்தனார்' வில்லுப்பாட்டைப் போட விரும்புகிறோம். வழி சொல்லுங்கள். (ஆசிரியை, குழித்துறை)

ப: முதலில் ஒரு திருத்தம். கிந்தனார் வில்லுப்பாட்டு அல்ல, கதாகாலட்சேபம். நந்தனார் சரித்திரத்தின் அச்சிலேயே, படிக்க ஆசைப்பட்டு ரயிலேறிப் பட்டணம் போகும் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பையனின் கதையைச் சொன்னார். கதை சொல்பவர் நின்றுகொண்டு பாட்டும் பேச்சுமாகச் சொல்லும் கதை அது. சிப்ளாவும் (கையில் தட்டும் தாளக்கட்டை) மிருதங்கமும் போதும். வில்தான் வேண்டுமென்றால் காந்தி கதையை எடுங்கள். பாட்டைப் பிள்ளைகளே எழுதட்டும்.

வில், குடம், உடுக்கு, தாளம், கட்டை. ஐந்தும் வேண்டும். குடத்தை வைக்கோல் பிரிமணைமேல் வைத்து, அதன் கழுத்தோடு வில்லின் நடுப்பாகத்தை இறுக்கிக் கட்டுங்கள். கட்டு தளர்ந்தால் நாணை அடிக்கும் வீசுகோல் படும்போதெல்லாம் வில் ஆடும், வில்லில் கட்டிய மணிகள் தாளத்துக்கு முன்னும் பின்னுமாகச் சிதறும். நம்மூர் மழைக்காலத்தில் ஈரம் பட்டு நாணும் உடுக்குத் தோலும் தொய்ந்துபோகும். உடுக்கை அனலில் லேசாகக் காட்டலாம். நாணை நிகழ்ச்சிக்குச் சற்றுமுன் இழுத்துக் கட்டுங்கள். முதல்நாளே கட்டி வைப்பது வீண்வேலை.

இருபது நிமிடம் தாராளம். காப்பும் (கடவுள் வாழ்த்து) குருவடியும் (குரு வணக்கம்) அவையடக்கமும் மூன்று நிமிடத்தில் முடியட்டும். கடைசி ஒரு நிமிடம் எல்லோரையும் வாழ்த்தி முடிக்கும் வாழிக்கு. மிச்சம் முழுக்கக் கதை. பெரும்பாலும் குழுக்கள் சறுக்குவது, நடுவில் இருப்பவருக்கு மற்றவர்கள் பதில் கொடுக்கும் பின்பாட்டில்தான். நாலு பேரும் வரிக்கு வரி 'ஆமா' போட்டால் சபைக்குத் தூக்கம் வரும். வலப்பக்கத்துக்காரர் ஒத்துப் பாடட்டும், இடப்பக்கத்துக்காரர் குறுக்குக் கேள்வி கேட்கட்டும். "கள்ளுக்கடையை மூடியாச்சு." "அப்போ எங்க மாமா எங்க போவாரு?" "வீட்டுக்கு!" சிரிப்பு அடங்கும்வரை அடுத்த அடியை எடுக்கக்கூடாது, எடுத்தால் கருத்து சத்தத்தில் போய்விடும். கலைவாணர் தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே எழுதி, துரைராஜ், புளிமூட்டை ராமசாமி என்று தம் குழுவையே வைத்து நடித்ததற்கு இந்தத் தாளக்கட்டும் ஒரு காரணம். யார் எப்போது இடைமறிப்பார் என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

மைக் இரண்டு போதும்: ஒன்று நடுவில் இருப்பவருக்கு, இன்னொன்று பின்பாட்டுக்கு. குடத்துக்குத் தனி மைக் வைக்க ஒலிபெருக்கிக்காரர் வற்புறுத்துவார், சம்மதிக்காதீர்கள். குடம் 'கும்' என்று எழும்பிப் பாட்டை விழுங்கிவிடும்.