அரை ஏக்கரில் காய்கறி போட்டு உழவர் சந்தையில் நானே விற்கலாம் என்றிருக்கிறேன். முதல் பருவத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

விதை வாங்கப் போகுமுன் உங்கள் ஊருக்குப் பக்கத்து உழவர் சந்தைக்கு ஒரு வாரம் விடியற்காலையில் போய் விலைப்பலகையைப் பாருங்கள். மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் அன்றன்றைய விலையைச் சந்தை நிர்வாகம்தான் காலையில் முடிவு செய்கிறது. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி பார்த்து எழுதுவார்கள். பலகையில் உள்ளதற்கு மேல் விற்கக் கூடாது. கமிஷன் கிடையாது, தராசும் அங்கேயே தருவார்கள். விலை உங்கள் கையில் இல்லாதபோது, லாபத்தைத் தீர்மானிப்பது காலை பத்து மணிக்கு உங்கள் கடையில் மிஞ்சிக் கிடக்கும் சரக்குதான்.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். அரை ஏக்கர் முழுக்க ஒட்டுரகத் தக்காளி நட்டால், உச்சத்தில் ஒரு பறிப்புக்கே பல நூறு கிலோ வந்து விழும். ஒருவர் ஒரு காலையில் சில்லறையாக நிறுத்துக் கொடுக்க முடிவது எல்லாக் காயும் சேர்த்துத் தோராயமாக 50 கிலோ, கூடவே ஐம்பது அறுபது கட்டுக் கீரை. மீதியை மண்டியில் கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். அதனால் அந்த 50 கிலோவிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாத்தி பிரியுங்கள். ஆறேழு காய், தினமும் கொஞ்சம் கொஞ்சம் என்று இருப்பதுதான் சந்தைக்குச் சரிப்படும். ஒரே இடத்தில் நாலு காய் கிடைத்தால் வாங்குபவர் அடுத்த கடைக்கு நகர மாட்டார்.

வெண்டையை வைத்துக் கணக்கைக் காட்டுகிறேன். நல்ல பராமரிப்பில் ஒட்டுரகம் அல்லாத தேர்ந்த ரகம் ஏக்கருக்கு 5 முதல் 6 டன் காய்க்கும். விதைத்த 45-ம் நாளில் தொடங்கி 95-ம் நாள் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தால் ஏறத்தாழ 25 பறிப்பு. அதாவது ஒரு சென்டுக்கு ஒரு பறிப்பில் இரண்டு கிலோ. பத்து சென்டை இரண்டாகப் பிரித்து, இன்று ஒரு பாதி, நாளை மறுபாதி என்று பறித்தால் தினமும் பத்து கிலோ கையில் இருக்கும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு நட, சென்டுக்கு 30 கிராம் விதை போதும். முதல் விதைப்பில் காய் எடுக்கத் தொடங்கியதும் அடுத்த விதைப்பைப் போட்டுவிடுங்கள். ஒரு பறிப்பைத் தவறவிட்டாலும் காய் நார் ஏறிவிடும். நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்குபவர் யாரும் இல்லை, நாலு காய் முற்றலாக இருந்தால் மொத்தக் குவியலும் நின்றுவிடும். இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். வந்த செடியைக் காப்பாற்ற மருந்து கிடையாது, உடனே பிடுங்கிவிடுங்கள். வெயில் காலத்தில் இது கடுமையாக வரும், பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் ஒட்டுப்பொறியை முன்கூட்டியே வையுங்கள்.

கீரையை முதல் பருவத்தில் விடவே விடாதீர்கள். மற்ற காய்கள் பலன் தருமுன்பே காசு காட்டுவது அதுதான். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். பத்து சென்டை ஆறு பாத்தியாக்கி, ஐந்து நாளுக்கு ஒரு பாத்தி விதையுங்கள். ஒரு பாத்தியை 25-ம் நாளிலிருந்து ஐந்து நாள் பிடுங்கினால், முப்பதாம் நாள் அதே பாத்தி மறுபடி விதைப்புக்குத் தயார். சங்கிலி அறுபடாது. விதை சென்டுக்கு 10 கிராம், நாலைந்து பங்கு மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விதை அடித்துக்கொண்டு போகும், இலை கிழியும். கீரைக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் அதுவே, ஆகவே மேட்டுப்பாத்தியாக அரையடி உயர்த்திப் போடுங்கள்.

கீரையைக் கையாளுவதில்தான் பாதி வியாபாரம். முந்தின நாள் வெயில் தாழ்ந்தபின் வேரோடு பிடுங்கி, வேர் மண்ணை மட்டும் அலசுங்கள். இலையை முக்கி எடுத்தால் ராத்திரியில் வெந்து, நடுக்கட்டு அழுகிவிடும். வாழைநாரில் தளர்வாகக் கட்டி, வேர் கீழே இருக்கும்படி நிறுத்திவைத்து, ஈரச்சாக்கை மேலே படாமல் சுற்றிலும் போடுங்கள். சந்தையில் அவ்வப்போது தண்ணீரை விரலால் தெளித்தால் போதும்.

கத்தரியில் நிறமும் வடிவமும் ஊருக்கு ஊர் மாறும். வேலூர்ப் பக்கம் இலவம்பாடி முள்கத்தரியைக் கேட்டு வாங்குவார்கள், வேறு ஊரில் அதே காயைத் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். சந்தையில் எது முதலில் தீர்கிறது என்று பார்த்துவிட்டு நாற்று விடுங்கள். தண்டையும் காயையும் துளைக்கும் புழுவுக்கு, வாடிய நுனிகளைக் கிள்ளி எரிப்பதுதான் முதல் வேலை. அதோடு ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக்கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து மாலையில் அடியுங்கள். ரசாயன மருந்து அடித்தால் டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் பறிக்கவே கூடாது. வாங்கிப் போகிறவர் அன்றைக்கே சமைத்துப் பிள்ளைகளுக்குப் போடுகிறார்.

விதைப்புத் தேதியைக் காலண்டரைப் பார்த்து வையுங்கள். புரட்டாசி முழுக்கக் காய்க்குத் தேவை கூடும், அதற்கு வெண்டை ஆடியிலேயே மண்ணில் இருக்க வேண்டும். அமாவாசைக்கு அகத்திக்கீரையும் வாழைக்காயும் ஓடும், வரப்போரம் நாலு அகத்தி நட்டால் அதற்கெனத் தனி இடம் வேண்டாம். பொங்கலுக்கு மொச்சை, பறங்கி, சர்க்கரைவள்ளி. நாட்டு மொச்சை பொழுது குறுகும்போதுதான் பூக்கும், ஆடி, ஆவணியைத் தாண்டவிடாதீர்கள். கொசுறுக்கென்று இரண்டு கறிவேப்பிலை மரமும் ஒரு சென்ட் கொத்தமல்லியும் கட்டாயம். அந்த ஒரு இணுக்குக்காகவே திரும்பி வருபவர்கள் உண்டு.

எடுத்துப்போனது, விற்றது, திரும்பியது மூன்றையும் காய்வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். தொடர்ந்து திரும்பி வரும் காயின் பாத்தியை அடுத்த விதைப்பில் பாதியாக்குங்கள்.

விவசாயி அடையாள அட்டை இல்லாமல் உள்ளே கடை போட முடியாது. நிலத்துக்கும் பயிருக்குமான பதிவுகளான சிட்டா, அடங்கல், கூடவே புகைப்படத்தோடு விண்ணப்பித்தால் அலுவலர் நிலத்துக்கு வந்து பயிரைப் பார்ப்பார். உங்களுக்குப் பதிலாக உட்காரப்போகும் குடும்பத்தாரின் படத்தையும் அப்போதே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். முதல் பறிப்பு வரை காத்திராமல், நாற்று வேர்பிடித்ததுமே விண்ணப்பத்தைக் கொடுப்பது நல்லது.