வான்கோழி விருந்து: சனிக்கிழமை கேள்வி பதில்

வருகிற வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங், அதாவது அமெரிக்கர்கள் வான்கோழியை முழுசாகச் சுட்டு விருந்து வைக்கும் நன்றி நாள். இன்று சனி. காப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன், சாயங்காலம் வரை கேளுங்கள். நியூ ஜெர்சியில் பதினெட்டு வருடமாக எங்கள் வீட்டில் இந்த விருந்து நடக்கிறது. முதல் வருடம், பறவையின் வயிற்றுக்குள் ஈரலும் கழுத்தும் ஒரு காகிதப் பொட்டலமாக இருக்கும் என்று தெரியாமல், பொட்டலத்தோடு சுட்டெடுத்தவள் நான். அதனால் எந்தக் கேள்விக்கும் வெட்கப்பட வேண்டாம். அதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன்: தெர்மாமீட்டர் வாங்கியாயிற்றா?

கேள்வி (டாலஸ்): அக்கா, கல்யாணமாகி முதல் தேங்க்ஸ்கிவிங். பன்னிரண்டு பேர், அதில் நாலு பேர் சைவம். கோயம்புத்தூரிலிருந்து மாமனார் மாமியார் வந்திருக்கிறார்கள். ஒரே ஓவன். என்ன மெனு போடுவது, எதை எப்போது செய்வது?

பதில்: ஒரே ஓவன் என்றால், மெனுவை அந்த ஓவனை வைத்துத்தான் போட வேண்டும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் எட்டுப் பேர். ஆளுக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு கணக்கு, எலும்பையும் சேர்த்து. 12 பவுண்டுப் பறவை தாராளம். கடையில் 22 பவுண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வயிற்றில் எதையும் அடைக்காத 12 பவுண்டுப் பறவை, 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். சாப்பாடு நாலு மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். (இங்கே இது மத்தியானமும் இல்லாத, ராத்திரியும் இல்லாத ஒரு சாப்பாடு. மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம், ஒரு மணிக்கே தட்டைத் தேடுவார்.) காலை பதினொன்றரைக்கு உள்ளே போனால் மூன்றேகாலுக்குள் வெளியே வந்துவிடும். வந்ததும் வெட்டக் கூடாது. முப்பது நாற்பது நிமிடம் சும்மா இருந்தால்தான் சாறு இறைச்சிக்குள் நிற்கும். அந்த நாற்பது நிமிடம் ஓவன் காலி. அப்போதுதான் ஸ்டஃபிங் (மசாலா சேர்த்த ரொட்டித் துண்டுகள்), பீன்ஸ் கேசரோல் (காளான் சூப்பில் சுட்ட பீன்ஸ்), சர்க்கரைவள்ளிக் கிழங்கு மூன்று தட்டும் 350-இல் உள்ளே போக வேண்டும். மூன்றையும் முந்தின நாளே தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்து, பறவை வெளியே வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்து வையுங்கள். கிரான்பெர்ரி சாஸ் செவ்வாயே செய்துவிடலாம், இரண்டு நாள் ஊறினால் இன்னும் நன்றாக இருக்கும். பூசணிப் பை புதன் ராத்திரி. மசித்த உருளைக்கிழங்கும் கிரேவியும் அடுப்பு வேலை, கடைசி அரை மணி.

சைவக்காரர்கள் விஷயத்தில்தான் நிறைய வீடுகளில் அசம்பாவிதம் நடக்கிறது. பெட்டியில் வரும் ஸ்டஃபிங் பலவற்றில் கோழிச் சாறு இருக்கும். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் போடும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில் ஜெலட்டின், அதாவது மாட்டு அல்லது பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ரெடிமேட் பை மாவில் சில சமயம் பன்றிக் கொழுப்பு. மாமியார் சைவம் என்றால் ஒவ்வொரு பெட்டியையும் திருப்பிப் படியுங்கள். ஸ்டஃபிங்கைத் தனித் தட்டில் காய்கறிச் சாறு ஊற்றிச் செய்தால் எல்லோருக்கும் ஆகும். கிரேவி மட்டும் இரண்டு: ஒன்று பறவைச் சாற்றில், இன்னொன்று காளானில்.

நம் ஊர்ச் சாப்பாடு ஒன்றிரண்டு போதும். இந்த மேசையில் எல்லாமே மெத்தென்று, வெண்ணெயும் இனிப்புமாக இருக்கும். புளிப்பும் உறைப்பும் வேண்டும், அதனால் மிளகு ரசமோ புளி இஞ்சியோ வையுங்கள். தயிர் சாதம் ஃபிரிட்ஜில் தயாராக இருக்கட்டும், மாமனார் கேட்டால் மட்டும் எடுங்கள். கேட்பார்.

கேள்வி (சான் ஹொசே): 20 பவுண்டு உறைந்த வான்கோழி வாங்கியிருக்கிறேன். எப்போது ஃப்ரீசரிலிருந்து எடுக்க வேண்டும்?

பதில்: இதைப் படித்து முடித்த உடனே. ஃபிரிட்ஜில் வைத்து உறைநீக்க, நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். உங்களுக்கு நாலிலிருந்து ஐந்து நாள். கசியும், அதனால் கீழ்த்தட்டில், ஒரு ட்ரேயில் வையுங்கள். சமையல் மேடையில் வைத்து உறைநீக்கக் கூடாது. உள்ளே பாறையாக இருக்கும்போதே வெளித்தோலில் கிருமி குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்.

கேள்வி (அட்லாண்டா): கோழிக்குத் தடவுவது போல தயிர், மிளகாய்த்தூள் எல்லாம் தடவி ஊறவைக்கலாமா? சும்மா சுட்டால் சப்பென்று இருக்கிறதே.

பதில்: சப்பென்று இருப்பதற்கு மசாலாக் குறைவு காரணமில்லை, உப்பு உள்ளே போகாததும் அதிகமாக வெந்ததும்தான் காரணம். உறைநீங்கியதும், சுடுவதற்கு இரண்டு நாள் முன்பே உப்பைத் தோலுக்கு அடியிலும் மேலேயும் தேய்த்து, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். தோல் காய்ந்து, சுடும்போது மொறுமொறுவென்று வரும். ஆனால் முதலில் உறையைப் படியுங்கள். உறைந்த பறவைகள் பலவற்றில் ஏற்கெனவே உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். அதற்கு மேல் நீங்களும் உப்பு தேய்த்தால் கருவாடுதான்.

மசாலாவைத் தோலுக்கு மேலே பூசினால், மூன்று மணி நேரத்தில் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். தோலுக்கும் நெஞ்சுக் கறிக்கும் நடுவில் கையை மெதுவாக விட்டால் பை போலப் பிரியும். அதற்குள் வெண்ணெய், தட்டிய மிளகு, பூண்டு, பொடியாக நறுக்கிய கறிவேப்பிலை. நான் பதினைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன். தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். 165 டிகிரி காட்ட வேண்டும், நெஞ்சிலும் அதே. பறவையோடு வரும் பிளாஸ்டிக் குமிழை நம்பாதீர்கள்.

கேள்வி (கொலம்பஸ்): மஞ்சள் போட்டு எத்தனை தண்ணீர் கழுவ வேண்டும்?

பதில்: ஒரு தண்ணீரும் வேண்டாம். கழுவினால் சால்மொனெல்லா கிருமி சாகாது, சிங்க், மேடை, பக்கத்தில் வைத்திருக்கும் கொத்தமல்லி என்று எல்லா இடத்துக்கும் தெறிக்கும். அமெரிக்க வேளாண் துறையும் இதைத்தான் சொல்கிறது. எங்கள் அம்மா கேட்டால் மயங்கி விழுவார் என்று தெரியும். நானே ஆறு வருடம் கழுவியவள்தான். மஞ்சளைத் தடவுங்கள், சுடுகிற சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். தெர்மாமீட்டர்!

கேள்வி (டொரொன்டோ): எங்களுக்கும் டிப்ஸ் சொல்லுங்கள்.

பதில்: கனடாவில் அக்டோபர் இரண்டாவது திங்களே முடிந்துவிட்டதே. அடுத்த வருடம் வாருங்கள்.

கேள்வி (ராலே): 1621-இல் மாசசூசெட்ஸ் பிளிமத்தில், இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் வைத்த முதல் விருந்தில் சாப்பிட்டதை அப்படியே சமைக்க ஆசை. மெனு கிடைக்குமா?

பதில்: நேரில் இருந்தவர் எழுதியது என்று பார்த்தால் எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதம் ஒன்றைத்தான் முக்கியமாகச் சொல்வார்கள். நாலு பேர் பறவை வேட்டைக்குப் போனார்கள், மாசசாய்ட் என்ற வம்பனோக் பூர்வகுடித் தலைவர் தொண்ணூறு பேரோடு வந்தார், அவர்கள் ஐந்து மான் கொண்டுவந்தார்கள், மூன்று நாள் கொண்டாட்டம். என்ன பறவை என்று அதில் இல்லை. வாத்தாகவும் இருக்கலாம். உருளைக்கிழங்கு இல்லை, கோதுமை மாவும் ஓவனும் இல்லாததால் பூசணிப் பையும் இல்லை. அப்படியே சமைக்க வேண்டுமென்றால் மான் கறியும் சோளக் கூழும்தான்.

இன்றைய விருந்துக்கு சாரா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். வருடக்கணக்காகத் தலையங்கமும் கடிதமும் எழுதி நச்சரித்தவர். 1863-இல், உள்நாட்டுப் போர் நடுவில், லிங்கன் இதைத் தேசிய நாளாக அறிவித்தார். அதே பிளிமத்தில் 1970 முதல் பூர்வகுடி மக்கள் இந்த வியாழனைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது அதையும் சொல்லுங்கள்.

கேள்வி (ராலே, மறுபடியும்): அப்படியானால் பீன்ஸ் கேசரோல்?

பதில்: 1955. எங்கள் நியூ ஜெர்சி கேம்டனில், கேம்பெல் சூப் கம்பெனிச் சமையலறையில் டோர்கஸ் ரைலி உருவாக்கியது. காளான் சூப் டப்பா விற்க வேண்டும், அவ்வளவுதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோவும் அப்படித்தான், ஒரு மார்ஷ்மெல்லோக் கம்பெனி 1917-இல் வெளியிட்ட சமையல் குறிப்புப் புத்தகத்தில் இருக்கிறது. ஆகவே "பாரம்பரிய மேசையில் ரசமா?" என்று யாராவது முகம் சுளித்தால், ரசம் அந்தக் கேசரோலுக்குக் கொள்ளுப்பாட்டி என்று சொல்லுங்கள்.

கேள்வி (பாஸ்டன்): 14 பவுண்டு. எப்போது வெளியே எடுப்பது?

பதில்: மேலே பாருங்கள். நாலைந்து பவுண்டுக்கு ஒரு நாள். ஞாயிறு ராத்திரி.

கேள்வி (மினியாபொலிஸ்): வான்கோழியை அமெரிக்கப் பறவை என்றே பேசுகிறீர்கள். "கான மயிலாடக் கண்டிருந்த வான்கோழி" என்று ஔவையார் மூதுரையில் பாடியிருக்கிறாரே? அப்போதே நம் ஊரில் இருந்திருக்கிறதே?

பதில்: ஆஹா, இதற்காகத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். வான்கோழியை மனிதன் முதலில் வளர்த்தது மெக்சிகோ பக்கம். ஸ்பெயின்காரர்கள் 1500-களின் தொடக்கத்தில்தான் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். 1612-இல் கோவாவிலிருந்து தன் அதிகாரி முகர்ரப் கான் கொண்டுவந்த பறவையைப் பார்த்து ஜஹாங்கீர் பாதுஷாவே வாயைப் பிளந்திருக்கிறார். தலையும் கழுத்தும் பச்சோந்தி போல நிறம் மாறுகிறது என்று எழுதிவைத்து, அரண்மனை ஓவியர் மன்சூரைக் கூப்பிட்டுப் படமும் வரையச் சொன்னார். அந்தப் படம் இன்றும் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாதுஷாவுக்கே புதுசாக இருந்த பறவை அதற்குப் பல நூறு வருடம் முன்பு ஔவையாருக்கு எப்படிக் கிடைத்தது? என் கட்சி இது: பெயர் பழசு, பறவை புதுசு. வேறு ஏதோ பறவைக்கு இருந்த பெயரை, வந்த பறவைக்குச் சூட்டிவிட்டோம். மிளகின் பெயரைக் கொண்டுபோய் மிளகாய்க்கு வைக்கவில்லையா?

கேள்வி (மினியாபொலிஸ்): ஒத்துக்கொள்ள மாட்டேன். "பொல்லாச் சிறகை விரித்து" ஆடியது என்கிறார். மயில் மாதிரி விரித்து ஆடுவது வான்கோழிதான். வேறு எந்தப் பறவை?

பதில்: நல்ல அடி. ஆனால் பாட்டில் விரிப்பது சிறகு, தோகை என்று சொல்லவில்லையே. சேவலும்தான் கோழியைச் சுற்றி ஒரு பக்கச் சிறகைத் தாழ்த்தி ஆடும். மயிலைப் பார்த்து ஒரு காட்டுக்கோழி தனக்கும் வரும் என்று ஆடினால்தான் அது கேலி. வான்கோழி ஆடினால் அது உண்மையிலேயே கொஞ்சம் நன்றாகத்தானே இருக்கிறது?

கேள்வி (ஹூஸ்டன்): குறுக்கே வருகிறேன். 'வான்' என்றால் பெரிய என்றும் பொருள் உண்டு. பெரிய கோழி, அவ்வளவுதான். பாட்டே பிற்காலத்தது என்று ஏன் சொல்லக் கூடாது? மூதுரை ஔவையும் அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கிய ஔவையும் ஒருவர் இல்லையே.

பதில்: இரண்டு ஔவை, சரி. ஆனால் மூதுரையை 1600-க்குப் பிறகு இழுத்தால் தமிழ் வாத்தியார்கள் என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள், வியாழன் அன்று எனக்கு அதற்கு நேரமில்லை. பெரிய கோழி என்ற பொருளை ஏற்கிறேன். அது என் கட்சிக்குத்தான் பலம்.

இந்தப் பறவைக்கு ஊர் விலாசம் சரியாக வைத்தவர்கள் யாருமில்லை. ஆங்கிலேயன் துருக்கி என்கிறான். துருக்கிக்காரன் 'ஹிந்தி' என்கிறான், அதாவது இந்தியாவினுடையது. பிரெஞ்சுக்காரனும் இந்தியக் கோழி என்றுதான் ஆரம்பித்தான். டச்சுக்காரன் 'கல்கூன்' என்கிறான், நம் கோழிக்கோடு, கள்ளிக்கோட்டை! போர்ச்சுகீசியன் 'பெரு' என்கிறான், அவன் மட்டும் அமெரிக்கப் பக்கம் என்பதையாவது சரியாகப் பிடித்தான்.

கேள்வி (சிகாகோ): அக்கா, சண்டை முடிந்ததா? 18 பவுண்டு, எப்போது வெளியே...

பதில்: இப்போது. இப்போது. இப்போது.

கேள்வி (ஆஸ்டின்): கராஜில் எண்ணெயில் முழுசாகப் பொரிக்கலாமா?

பதில்: கராஜில் கூடாது தம்பி. வெட்டவெளியில், வீட்டைவிட்டுத் தள்ளி, முழுக்க உறைநீங்கி, ஈரம் துடைத்த பறவையாக இருந்தால் மட்டும். உள்ளே பனிக்கட்டி இருந்தால் எண்ணெய் பொங்கி நெருப்பில் விழும். ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் இதைச் செய்து செய்தியில் வருகிறார்.

கேள்வி (சியாட்டில்): மிஞ்சியதை என்ன செய்வது?

பதில்: சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். வெள்ளிக்கிழமை கொத்துப் பரோட்டா. எலும்புக் கூட்டை மிளகு, சீரகம் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டால் வரும் சூப்புக்காகத்தான் நான் இந்த விருந்தே வைக்கிறேன் என்று எங்கள் வீட்டில் ஒரு வதந்தி உண்டு. பிரியாணி வேண்டாம், வெந்த கறி மறுபடி வெந்தால் நாராகிவிடும்.

கேள்வி (பீனிக்ஸ்): பிளாக் ஃப்ரைடேயில் டிவி எங்கே மலிவு?

பதில்: வேறு யாரையாவது கேளுங்கள்.

கேள்வி (சான் ஹொசே): காலையில் கேட்டேனே, 20 பவுண்டு. உடனே எடுத்துவிட்டேன். ஆனால் ஃபிரிட்ஜில் இடமில்லை. கீழ்த்தட்டு முழுக்க இட்லி மாவுப் பாத்திரம். தண்ணீரில் போட்டு உறைநீக்கலாமா?

பதில்: குளிர்ந்த தண்ணீரில் பவுண்டுக்கு அரை மணி. 20 பவுண்டுக்குப் பத்து மணி நேரம், அரை மணிக்கொரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும், உறைநீங்கிய உடனே சுட வேண்டும். இன்று போட்டால் வியாழன் விருந்து நாளைக்கே முடிந்துவிடும். மாவை வெளியே எடுங்கள். இன்று ராத்திரி இட்லி, நாளைக் காலை தோசை, நாளை ராத்திரி ஊத்தப்பம். பறவை உள்ளே போகட்டும்.