எஸ்யூவைக் கழற்றிவிட்டு வெபர் போடலாமா?

கேள்வி: என்னிடம் 1971 மாடல் எம்ஜிபி கார் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் கிளம்புகிறது. இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் எடுத்துவிட்டு ஒரே வெபர் 45 போட்டால் திணறலும் போகும், பவரும் கூடும் என்கிறார் மெக்கானிக். நம்பிச் செய்யலாமா?

பதில்: இப்போது வேண்டாம். திணறல் எதனால் வருகிறது என்று அவர் இன்னும் சொல்லவில்லையே. அது தெரியாமல் கார்புரேட்டரை மாற்றுவது பணத்தைக் கரைக்கும் வேலை.

இன்ஜினை அணைத்துவிட்டு எஸ்யூவின் தலையில் இருக்கும் டேம்பர் மூடியைத் திருகி எடுங்கள். உள்ளே எண்ணெய் வற்றியிருந்தால், மிதித்தவுடன் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டன் தடையில்லாமல் மேலேறிவிடும். காற்று மிஞ்சி பெட்ரோல் குறையும். நீங்கள் சொல்லும் அதே திணறல்தான் வரும். எண்ணெய் ஊற்றியதும் சரியான வண்டிகள் உண்டு. எண்ணெய் இருக்கிறதா? சரி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். சிக்காமல் இறங்கி 'டக்'கென்று உட்கார வேண்டும். அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டரில் திரும்பும் த்ராட்டில் தண்டை ஆட்டிப் பாருங்கள். இத்தனை வருடம் ஓடிய வண்டியில் அது தேய்ந்து லொடலொடப்பது சகஜம். அந்தச் சந்து வழியாகக் காற்று புகுந்தால் எந்த டியூனிங்கும் நிற்காது. புஷ்ஷும் தண்டும் மாற்றினால் போதும். கம்ப்ரஷன், டாப்பெட், இக்னிஷன் டைமிங் மூன்றையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த 1798 சிசி இன்ஜினின் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து காற்றும் பெட்ரோலும் உள்ளே போக இரண்டே இன்லெட் வழிகள். நெருக்கடி அங்கேயே இருக்கிறது. ஹெட், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் இரண்டும் பழையபடியே இருந்தால், சாதாரண ரோட்டில் வெபரால் பெரிய வித்தியாசம் தெரியாது. எஸ்யூ காற்றின் அளவுக்கேற்பத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். வெபரில் சோக் (காற்று போகும் குறுகிய குழல்), ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) எல்லாம் உங்கள் இன்ஜினுக்கென்று தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால் இருந்ததும் கெடும். ஹெட்டிலும் கேமிலும் ஏற்கெனவே வேலை செய்திருந்தால் மட்டும் மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்படியும் ஆசைப்பட்டால், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் ரோலிங் ரோடில் (சக்கரங்களை உருளைகள்மேல் ஓடவிட்டுப் பவரை அளக்கும் கருவி) ஏற்றி அளந்து காட்டுவாரா என்று கேளுங்கள். மேனிஃபோல்ட் (கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் குழாய்), த்ராட்டில் இணைப்பு, டிஸ்ட்ரிபியூட்டருக்கான வேக்குவம் குழாய், ஜெட் பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்த தொகையை எழுதி வாங்குங்கள். கழற்றிய எஸ்யூ இரண்டையும் அதன் மேனிஃபோல்டோடு வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.