மல்கா மரத்து இலைப்பேன் எந்தக் குடும்பம், எங்கே வாழ்கிறது?

நீங்கள் கேட்ட மல்கா இலைப்பேனின் அறிவியல் பெயர் டுனாட்டோத்ரிப்ஸ் அனியூரே. இது ஆஸ்திரேலியாவுக்கே உரியது. நம்மூர் மிளகாய்ச் செடியில் இலையைச் சுருள வைக்கும் இலைப்பேனும் இதுவும் தைசனாப்டெரா வரிசைதான், ஆனால் துணைவரிசை வேறு. மிளகாய்ப் பேன் டெரிப்ரான்டியா. பெண்பூச்சிக்கு ரம்பம் போன்ற முட்டையிடும் உறுப்பு உண்டு. மல்கா இலைப்பேனோ டியூபுலிபெரா, குடும்பம் ஃப்ளியோத்ரிப்பிடே. லென்ஸில் பாருங்கள், வயிற்றின் கடைசிக் கண்டம் குழாயாக நீண்டிருக்கும்.

பரவலைத் தீர்மானிப்பது மரம்தான். மல்கா எனப்படும் அக்கேசியா அனியூராவும் அதன் நெருங்கிய உறவுகளும் வளரும் வறண்ட உள்நாட்டுப் பகுதிகளே இதன் இருப்பிடம். மல்காவில் இலைபோலத் தெரிவது தட்டையான இலைக்காம்பு. அவற்றில் சிலவற்றைப் பட்டுபோன்ற கசிவால் ஒட்டி, இந்தப் பேன் வீடு கட்டிக்கொள்கிறது. சில வீடுகளைப் பல பெண்கள் சேர்ந்தே கட்டுகின்றன! அந்த வெயிலில் ஈரப்பதம் காக்க அந்த வீடு உதவுகிறது.

இதைக் கிளாடோத்ரிப்ஸ் என்ற வேறொரு இலைப்பேன் பேரினத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் ஆஸ்திரேலிய அக்கேசியாவில்தான் வாழ்கிறது, குடும்பமும் இதுவே. ஆனால் அது மரத்தில் கழலை (வீக்கம் போன்ற புடைப்பு) உண்டாக்கும். அதன் சில இனங்களில் முன்கால் பருத்த காவல் பேன்களும் உண்டு என்று 1992-இல் உயிரியலாளர் பெர்னார்ட் கிரெஸ்பி எழுதினார்.