நட்சத்திர ஹோட்டல் சாப்பாடு அந்த விலைக்குத் தகுமா? வேறு எங்கே போகலாம்?

இந்தியாவில் தகுதிக்கு மேல் புகழப்படும் ஃபைன் டைனிங் உணவகங்கள் எவை, அவற்றுக்குப் பதிலாக அன்றாடம் போகக்கூடிய நல்ல இடங்கள் எவை என்று கேட்டிருக்கிறீர்கள். இடங்களுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு பில்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

என் பெற்றோரின் நாற்பதாவது கல்யாண நாளுக்கு அவர்களைச் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குக் கூட்டிப் போனோம். நானும் என் கணவரும் சேர்த்து நான்கு பேர். உட்கார்ந்ததும் எந்தத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டு, இரண்டு பாட்டிலைத் திறந்து ஊற்றினார்கள். மெனு அட்டையில் எண்பது பதார்த்தங்களுக்கு மேல் இருந்தன. அம்மா விலையைப் பார்த்துவிட்டு அட்டையை மூடி என்னிடம் கொடுத்துவிட்டார். எல்லாம் வந்து, பாதி சாப்பிட்ட பிறகு, அப்பா என் பக்கம் சாய்ந்து, “ஏம்மா, கொஞ்சம் ரசம் கேட்டா தருவாங்களா?” என்றார். தந்தார்கள். சின்னக் கண்ணாடிக் கோப்பையில், தெளிவாக வடிகட்டி, மேலே ஒரு கொத்தமல்லி இலை மிதக்க வந்தது. அவர் கேட்டது சோற்றில் பிசைந்துகொள்ள இரண்டு கரண்டி ரசம்.

பில் இப்படி இருந்தது. சாப்பாடு 11,000 ரூபாய். சேவைக் கட்டணம் 10 சதவீதம், 1,100 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 2,178 ரூபாய். மொத்தம் 14,278 ரூபாய். பணம் போனதைவிட, வீட்டுக்கு வந்ததும் அம்மா இருவருக்கும் தயிர்சாதம் பிசைந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களைப் பசியோடு கூட்டி வந்திருக்கிறேன்.

அந்த ஹோட்டலின் பெயர் இங்கே தேவையில்லை. இது ஒரு ஹோட்டலோடு முடிகிற விஷயம் இல்லை. ஏன் இப்படி ஆகிறது என்பதை எனக்குப் புரியவைத்தவர் என் அத்தை மகன். கேட்டரிங் படித்துவிட்டு இப்படிப்பட்ட சமையலறைகளில் ஒன்பது வருடம் இருந்தவர். அவர் சொன்னது ரொம்ப எளிது: மெனுவில் எண்பது அயிட்டம் இருக்கிறது, ஒரு ராத்திரிக்கு வருவது அறுபது எழுபது பேர். எந்த மேசையில் எதைக் கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வெங்காயம் தக்காளி கிரேவி ஒன்று, வெண்ணெயும் தக்காளியும் சேர்ந்த மக்கனி ஒன்று, முந்திரி அரைத்த வெள்ளை கிரேவி ஒன்று என்று முன்கூட்டியே செய்து குளிரில் வைத்துக்கொள்கிறார்கள். ஆர்டர் வந்ததும் அதில் பன்னீரோ கோழியோ காளானோ சேர்ந்து வெவ்வேறு பெயரில் மேசைக்கு வருகிறது. காரமும் புளிப்பும் எல்லா ஊர்க்காரருக்கும் ஒத்துப்போகிற அளவுக்குக் குறைந்துவிடும். அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அத்தனை நீளமான மெனுவுக்கு வேறு வழி இல்லை என்றுதான் சொன்னார்.

ஒரு மெஸ்ஸில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரு சாம்பார், ஒரு ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல். இரண்டு மணி நேரத்தில் முந்நூறு பேர் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். சாம்பார் ஆறுவதற்கே நேரம் இருக்காது. காலை டிபன் கடையில் ஒரு ஈடு இட்லி இறங்கி, அது தீர்வதற்குள் அடுத்த ஈடு வெந்துகொண்டிருக்கும். இட்லிக்கு இதைவிடப் பெரிய ரகசியம் கிடையாது. தட்டிலிருந்து எடுத்து ஐந்து நிமிடத்தில் சாப்பிட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தை எந்தப் பீங்கான் தட்டாலும் வாங்க முடியாது.

எனவே அளவுக்கு மீறிப் புகழப்படுபவை என்று நான் நினைப்பது மூன்று வகை. ஒன்று, மொட்டைமாடியிலோ உயரமான மாடியிலோ காட்சிக்காக இருப்பவை. நாம் கொடுப்பது அந்தக் காட்சிக்கான விலை. இன்னொன்று, மூடியைத் திறந்தால் புகை வருகிற, பானிபூரியையும் தயிர்வடையையும் நுரையாகவும் உருண்டையாகவும் மாற்றித் தருகிற பல பதார்த்த விருந்துகள். இதை ஆரம்பித்து வைத்தவர்கள் உண்மையான திறமைசாலிகள். ஆனால் ஊருக்கு ஊர் வந்துவிட்ட நகல்களில் புகை மட்டும்தான் மிச்சம். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை பஃபே. அறுபது வகை இருக்கும், எதுவும் சூடாக இருக்காது.

எல்லா ஃபைன் டைனிங்கும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். டெல்லி ஐடிசி மௌரியா ஹோட்டலில் இருக்கும் புகாரா உணவகத்தில் கறுப்பு உளுந்துப் பருப்பைத் தந்தூர் அடுப்பின் தணலில் ராத்திரி முழுக்க வைத்து வேகவைக்கிறார்கள். மெனுவும் சின்னது. வீட்டில் செய்ய முடியாத ஒரு வேலைக்குக் காசு கொடுக்கிறோம், அது நியாயம். வயதானவர்களுக்கு நல்ல நாற்காலி, சுத்தமான கழிப்பறை, சத்தமில்லாத இடம் வேண்டும் என்றாலும் அதற்கு ஒரு விலை உண்டு. பல மெஸ்களில் கழிப்பறையே கிடையாது. பெண்கள் கைக்குழந்தையோடு போய் உட்காரச் சிரமமான இடங்களும் நிறைய. இதை மறைத்துவிட்டு மெஸ்ஸைப் புகழ்வது சரியில்லை.

சரி, எங்கே போகலாம்?

சென்னை என்றால் நான் முதலில் திருவல்லிக்கேணிக்குத்தான் அனுப்புவேன். ஊரிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் தங்கும் மேன்ஷன்கள் நிறைந்த பகுதி. தினமும் மூன்று வேளையும் வெளியில் சாப்பிடுகிறவர்களிடம் மட்டமான சாப்பாட்டை எவ்வளவு நாள் விற்க முடியும்? அக்பர் சாகிப் தெருவில் இருக்கும் காசி விநாயகா மெஸ்ஸில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருந்து இலையில் சாப்பிட வேண்டும். அதே திருவல்லிக்கேணியில் 1948 முதல் இருக்கும் ரத்னா கஃபேயில் இட்லி சாம்பாரில் மூழ்கித்தான் வரும். தீர்ந்தால் மறுபடியும் ஊற்றுவார்கள். மயிலாப்பூரில் ராயர் மெஸ்ஸும் கற்பகாம்பாள் மெஸ்ஸும். ராயர் மெஸ் ரொம்பச் சின்ன இடம், தாமதமாகப் போனால் பொங்கல் தீர்ந்திருக்கும். தீர்ந்துபோகிற கடை என்றால் எனக்கு ஒரு நம்பிக்கை. நேற்று மிஞ்சியது இன்று வர வாய்ப்பில்லை.

மதுரையில் கோனார் மெஸ்ஸின் கறி தோசையைச் சாப்பிடாதவர்கள் ஒரு முறை சாப்பிட வேண்டும். கனமான தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் கொத்துக்கறி, எல்லாம் ஒரே கல்லில் ஒன்றாக வெந்து வரும். கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாஸ்டர் ஒவ்வொரு தோசையையும் திருப்பிப் போட்டு, ஓரம் வெந்துவிட்டதா என்று கரண்டியால் தட்டிப் பார்த்த பிறகுதான் எடுக்கிறார். நட்சத்திர ஹோட்டலில் ‘லைவ் கவுன்டர்’ என்று தனியாக விளம்பரம் செய்வது இங்கே தினமும் நடக்கிற வேலை.

பெங்களூரு இந்த விஷயத்தில் கொடுத்து வைத்த ஊர். சங்கரபுரத்தில் பிராமின்ஸ் காபி பாரில் இட்லி, வடை, காராபாத் (காரமான ரவா உப்புமா), கேசரிபாத் (நம் கேசரி), காபி, டீ. அவ்வளவுதான். சாம்பாரே கிடையாது, சட்னி மட்டும். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். 1965 முதல் இந்தச் சின்னப் பட்டியலை வைத்துக்கொண்டே கூட்டம் சேர்க்கிறார்கள். காந்தி பஜாரில் 1943-இல் தொடங்கிய வித்யார்த்தி பவனில், வேட்டி கட்டிய சப்ளையர் ஒரு கையிலேயே தோசைத் தட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு வருவதை நின்று பார்க்கலாம்.

அதே பெங்களூரில் இருக்கும் எம்டிஆர், அதாவது மாவல்லி டிபன் ரூம்ஸ் உணவகத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். 1924-இல் தொடங்கியது, லால்பாக் சாலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரிசி கிடைக்காமல் ரவையில் இட்லி செய்து பார்த்ததுதான் ரவா இட்லி ஆனது என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1970-களில் நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் உணவகங்கள் மிகக் குறைந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. அந்த விலைக்கு நல்ல நெய்யும் நல்ல காபிக்கொட்டையும் போட முடியாது. எம்டிஆர் பொருளின் தரத்தைக் குறைக்கவில்லை. தினமும் எவ்வளவு நஷ்டம் என்று எழுதிப் போட்டார்கள், கடைசியில் உணவகத்தையே மூடிவிட்டார்கள். மசாலாப் பொடி, மிக்ஸ் வகைகளை விற்றுப் பிழைத்து, பல வருடம் கழித்துத்தான் மறுபடி திறந்தார்கள். அன்றாடச் சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் தன் சாம்பாரை எவ்வளவு பெரிதாக நினைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மும்பையில் மாதுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ராமா நாயக் உடுப்பி, 1942 முதல் இலைச் சாப்பாடு. பல்லார்ட் எஸ்டேட்டில் 1923-ஐச் சேர்ந்த பிரிட்டானியா உணவகம், அங்கே பெர்ரி புலாவ். டெல்லியில் இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் ஆந்திர பவன் கேன்டீன். வட இந்தியாவில் ஒரு வாரம் அலைந்த பிறகு அங்கே பப்பும் (ஆந்திரப் பருப்பு) சோறும் சாப்பிட்டால் உயிர் வரும். ஜும்மா மசூதிக்கு அருகில் 1913 முதல் இருக்கும் கரீம்ஸ். கோழிக்கோட்டில் பாரகன். கொல்கத்தாவில் ‘பைஸ் ஹோட்டல்’ என்று கேளுங்கள். பைசா என்ற சொல்லிலிருந்து வந்த பெயர். சோறு, பருப்பு, மீன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை, வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். காலேஜ் ஸ்ட்ரீட் பக்கம் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் அந்த வகை.

தெரியாத ஊரில் நான் பார்ப்பது இவ்வளவுதான். மெனு ஒரு சிலேட்டுக்குள் அடங்க வேண்டும். பக்கத்து பேங்க், கோர்ட், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் அங்கே சாப்பிட வேண்டும். கை கழுவும் இடம் சுத்தமாக இருந்தால் சமையல்கட்டும் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். முதலில் ஒரு காபி. டிகாக்‌ஷன் புதிதாக இருந்தால் உட்காருவேன், சூடுபடுத்திய பழைய வாடை வந்தால் கிளம்பிவிடுவேன்.

பெரிய ஹோட்டலுக்குத்தான் போகிறீர்கள் என்றால் பில்லைப் பற்றி இரண்டு விஷயம். தெருவில் தனியாக இருக்கும் உணவகத்துக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அறையின் நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம். ஒரே மாதிரிச் சாப்பாட்டுக்கு வரியிலேயே அவ்வளவு வித்தியாசம். அப்புறம் சேவைக் கட்டணம். அது வரி இல்லை. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த 1,100 ரூபாயை எங்களுக்குப் பரிமாறிய பையன் கையிலேயே கொடுத்திருப்பேன்.

பெற்றோரை மெஸ்ஸுக்குக் கூட்டிப் போகிறவர்கள் பதினொன்றரை மணிக்கே போய்விடுங்கள். முதல் பந்தியில் கூட்டம் இருக்காது, உட்கார இடம் கிடைக்கும், யாரும் பின்னால் நின்று அவசரப்படுத்த மாட்டார்கள். போன மாதம் மயிலாப்பூரில் நாங்கள் அப்படித்தான் போனோம். அப்பா இலையில் சோற்றைக் குவித்து நடுவில் குழி பறித்து வைத்திருந்தார். சப்ளையர் ரச வாளியோடு வந்து, “ஐயா, அடியைக் கலக்கி ஊத்தட்டுமா, தெளிவா வேணுமா?” என்று கேட்டார். கலக்கியே ஊற்றச் சொன்னார் அப்பா. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.