பெட்டியில் 100 மீட்டர், திரையில் வெள்ளை மூட்டம்

கேள்வி: வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே 60 மீட்டர். கூரையடியில் 8 மெகாபிக்சல் கண்காணிப்பு கேமரா, 2.8 மி.மீ. லென்ஸ். ஆள் வருவது தெரிகிறது, யாரென்று தெரியவில்லை. இன்னும் பெரிய மெகாபிக்சல் வாங்கலாமா? (டொங்காட், தென்னாப்பிரிக்கா)

வேண்டாம். 2.8 என்பது முற்றம் பார்க்கும் அகன்ற லென்ஸ். எண் கூடக் கூடப் பார்வை குறுகும், தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும். 60 மீட்டரில் அது 100 மீட்டருக்கு மேல் அகலத்தை வளைத்துப் பிடிக்கும். படத்தின் குறுக்கே 3840 புள்ளிகள். அதை அத்தனை அகலத்துக்குப் பரப்பினால் ஒரு முகத்துக்கு ஐந்தாறு புள்ளிதான் மிஞ்சும். அறியாத ஆளை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளி வேண்டும் என்பது கேமராக்காரர்கள் வைத்திருக்கும் அளவு. உங்கள் தூரத்துக்குச் சுமார் 22 மி.மீ. லென்ஸ் வேண்டும். ஆனால் கேட்டுத் தூணிலேயே கேமராவை மாட்டினால் இப்போதிருக்கும் லென்ஸே போதும். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை போகும். புதுக் கேமராவைவிடக் கேபிள் மலிவு.

கேள்வி: கேமராவின் இரவு விளக்கில் (ஐஆர், அதாவது அகச்சிவப்பு) 850, 940 நானோமீட்டர் என்று இரண்டு அலைநீளம் சொல்கிறார்கள். எது நல்லது? (ஃபீனிக்ஸ்)

தூரம் வேண்டுமென்றால் 850. உற்றுப் பார்த்தால் மங்கலாகச் சிவப்பு தெரியும், தெரியட்டுமே. 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கேமராவுக்கும் அது அவ்வளவாகத் தெரியாது. தூரம் பாதியளவுக்குச் சுருங்கிவிடும்.

கேள்வி: எங்கள் நிலத்துக்குப் பின்னால் கரும்புத் தோட்டம். 100 மீட்டர் தள்ளி இருக்கும் ஓரத்தில் இரவில் யார் நடமாடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டேன். "இதுதான் சரியானது, ஐஆர் 100 மீட்டர்" என்று விற்றார்கள். இரவில் முன்னால் இருக்கும் கரும்பு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது, அப்புறம் ஒரே இருட்டு. கடைக்காரர், ஸேலில் (தள்ளுபடி விற்பனையில்) வாங்கியது, திருப்ப முடியாது என்கிறார். இரண்டு மாதம் ஆகிறது. (வெருலம்)

ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எதற்கு என்று சொல்லித்தானே கேட்டீர்கள்? அந்த வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008இன் 68ஆவது சட்டம், 55ஆம் பிரிவைப் பாருங்கள். இன்ன வேலைக்கு என்று குறிப்பாகச் சொல்லி, விவரம் தெரிந்தவர்போல் பேசிய கடையில் வாங்கினால், பொருள் அந்த வேலைக்குத் தகுதியாக இருக்க வேண்டும். 56ஆம் பிரிவு ஆறு மாதம் தருகிறது. பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள், கடை அல்ல. ஸேல் என்று எழுதிவைத்தால் சட்டம் ஓடிவிடாது. எழுத்தில் கேளுங்கள், மசியவில்லை என்றால் நுகர்பொருள் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.

பெட்டியில் அச்சடிக்கும் இந்த மீட்டர் கணக்கைப் பற்றி எனக்கு நெடுநாள் எரிச்சல். அந்த 100 மீட்டர் வெளிச்சம் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதைத்தான் சொல்கிறது. அங்கே நிற்பவர் மாமனா மச்சானா என்று தெரியுமா என்பதை எந்தப் பெட்டியும் சொல்வதில்லை. தூரம் இரட்டிப்பானால் ஒளி கால்வாசிதான். அகன்ற லென்ஸோடு வரும் விளக்கும் அகலமாகத்தான் விரியும். பச்சை இலை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அடிக்கும், அதனால்தான் உங்கள் கரும்பு வெள்ளை வெளேரென்று நிற்கிறது. கண் கூசிய கேமரா உடனே தன்னை இருட்டாக்கிக்கொள்ளும், பின்னால் இருப்பதெல்லாம் போச்சு. 100 மீட்டருக்கு 50 மி.மீ. லென்ஸ் வைத்தால் சாதாரண சென்சாரில் சுமார் 11 மீட்டர் அகலம் கிடைக்கும். அதற்கு 10 டிகிரி விளக்கு ஒன்றைத் தனியாக, இலைகளுக்கு மேலே உயர்த்தி மாட்ட வேண்டும். லென்ஸ் குறுக, விளக்கும் குறுக வேண்டும். இதை விற்பவர் சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: இணையத்தில் ஆறு கேமரா வாங்கி வைத்தேன். மூன்று மாதம் கழித்துப் பிரித்தால் எல்லாம் 2.8. எனக்கு 12 வேண்டும். திருப்பலாமா? (சாட்ஸ்வொர்த்)

முடியாது. இணைய வாங்கலில் மனம் மாற ஏழு நாள். பெட்டியின் பக்கவாட்டில் 2.8 என்று அச்சடித்திருக்கும், அதைப் படிக்க ஒரு நிமிடம். கேமராவில் குறை இல்லை.

கேள்வி: பழைய கேமராவுக்குத் தனி லென்ஸ் மாற்றினேன். பகலில் கண்ணாடி மாதிரி, இரவில் மங்கல். (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

வாருங்கள், நானும் அந்தக் குழியில் விழுந்தவன்தான். மலிவாகக் கிடைத்ததென்று ஒரு 50 மி.மீ. லென்ஸ் வாங்கி, மூன்று இரவு ஏணியில் நின்று திருகினேன். இரவுக்குச் சரிசெய்தால் பகல் கெட்டது. அகச்சிவப்பு ஒளி குவியும் இடம் வேறு. ஐஆர் கரெக்டட் என்று எழுதிய லென்ஸ் வாங்குங்கள். என்னுடையது இப்போது காகிதம் பறக்காமல் மேஜையில் இருக்கிறது.

கேள்வி: பகலெல்லாம் ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது. பொருத்தியவர் கேமரா கெட்டுவிட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார். (மெரிபேங்க்)

வாங்காதீர்கள் அம்மா. 12 வோல்ட்டை மெல்லிய கம்பியில் தூரமாக இழுத்திருப்பார். இரவில் விளக்கு எரிந்ததும் மின்னோட்டம் கூடும், கம்பியிலேயே வோல்ட் இறங்கிவிடும். கேமரா அருகே வோல்ட் மீட்டர் வைத்து, விளக்கு எரியும்போது அளக்கச் சொல்லுங்கள். வோல்ட் குறைந்திருந்தால் தடித்த கம்பியை அவர் செலவிலேயே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: கோயில் வாசலில் மாட்டிய கேமராவில் இரவெல்லாம் வெள்ளைக் கோடுகள். (ஸ்டாங்கர்)

சிலந்தி. விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடி அது வரும். கேமராவுக்குள் இருக்கும் விளக்கை அணைத்துவிட்டு, ஓரிரு மீட்டர் தள்ளித் தனி விளக்கு வையுங்கள்.

கேள்வி: ஆளைப் பார்க்கும் அதே கேமராவில் பாக்கி வண்டியின் (பிக்கப்) நம்பர் பிளேட்டும் தெரியுமா? (பெயர் இல்லை)

தெரியாது. பிளேட் ஒளியைத் திருப்பி அடிக்கும், முன்விளக்கு வேறு கூசும். அதற்கு 1/1000 நொடி ஷட்டர் வைத்த தனிக் கேமரா வேண்டும். அதில் பிளேட் தெரியும், வேறு எதுவும் தெரியாது.